ஒன்றும் நடக்காத கேசட்

அவரைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். யாராவது குறை சொன்னால் அதைவிட எரிச்சல் வரும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பல வருஷம் குடியிருந்தவள் நான். திட்டுவதென்றால் நான் திட்டிக்கொள்கிறேன், ஊருக்கு என்ன வந்தது? அவர் போய்ச் சேர்ந்தும் கொஞ்ச காலமாகிவிட்டது.

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் அவரைக் கேபிள் அண்ணன் என்பார்கள். மலையாளிகளுக்குக் கேபிள் சேட்டன். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். அதனால் அவர் எனக்கு அண்ணன், அவர் சம்சாரம் எனக்கு மதினி. தொண்ணூறுகளில் கேபிள் டிவி புதிதாக வந்திருந்த காலம். பஜார் ரோட்டில் ஒரு பழைய கோடவுனின் மாடியில் கேபிள் கம்பெனியின் கன்ட்ரோல் ரூம் இருந்தது. வெளிச் சேனல்களோடு கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு லோக்கல் சேனலும் உண்டு. சாயங்காலமானால் அதில் கேசட் போடுவார்கள். எந்தக் கேசட் என்று முடிவு செய்கிறவர் இவர். எனக்குக் கீழே கோடவுனில் சுக்கைத் தரம் பிரிக்கிற வேலை. இப்போது அந்த மாடியில் வெள்ளைக்காரர்களுக்குப் பழைய பித்தளைச் சாமான் விற்கிறார்கள்.

அவருடைய குணம் ஒன்றே ஒன்றுதான். எதையும் முடிவு வரைக்கும் இருந்து பார்க்க மாட்டார். ஒரு தடவை இரண்டு குடும்பமுமாகத் தோப்பும்படி தியேட்டருக்குப் படம் பார்க்கப் போனோம். கதாநாயகியை வில்லன் தூணில் கட்டினானோ இல்லையோ, இவர் எழுந்துவிட்டார். "நான் வெளிய நிக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க." படம் முடிந்து வந்து பார்த்தால் வாசலில் எல்லாருக்கும் கடலைப் பொட்டலம் வாங்கி வைத்துக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறார். "பாதிப் படம் பாக்கவா இந்த மனுசனை இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தோம்" என்று மதினி தலையில் அடித்துக்கொண்டாள். கதாநாயகி பிழைத்தாளா என்று அவர் கேட்கவே இல்லை.

கொச்சிக்காரர்களுக்கு ஃபுட்பால் என்றால் சோறு தண்ணி வேண்டாம். உலகக் கோப்பை நேரத்தில் சந்தே அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். ஆட்டம் சமனாகி பெனால்டி கிக் என்று வந்தால் இவர் போய் சைக்கிள் துடைப்பார். உள்ளே கூரை பிய்ந்து போகிற மாதிரி கூச்சல் கேட்கும். இவர் கம்பி கம்பியாகத் துடைத்துக்கொண்டிருப்பார். யார் ஜெயித்தது என்று யாராவது சொல்ல வந்தால், "இருங்க, ஒரு சாயா குடிச்சிட்டு வாரேன்" என்று நடையைக் கட்டிவிடுவார். நாங்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சிரிக்கிற விஷயம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

மதினி ஒரு தடவை சிரிக்காமல் சொன்னாள். "அவுக அம்மா சாகக் கெடந்தப்ப, சோடா வாங்கிட்டு வாரேன்னு போனாக. சோடாக்கடை எதுத்தாப்புலதான் இருக்கு. எல்லாம் முடிஞ்சு கெழவியைக் குளிப்பாட்டினப்புறந்தான் வந்தாக. கையில சோடா இருந்துச்சு ஏட்டி."

கப்பல் வேலை பார்த்துவிட்டு வந்து தேவராவில் குடியிருந்த ஒருவர், வீடு மாறும்போது ஒரு பை நிறைய கேசட்டுகளை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஒரே இங்கிலீஷ் சீரியல். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை. என்ன வந்து அழிந்தது என்று எங்கள் சந்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. காய்ச்சல் என்றார்கள் சிலர், குண்டு என்றார்கள் சிலர். ரோடெல்லாம் ஆளில்லாத கார்கள். மிச்சம் பிழைத்த கொஞ்சம் பேர் டின் சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டு அலைவார்கள். பையன்களுக்கு உயிர். இவர் அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டு, சுடுகிற கட்டம் வரும்போது படிக்கட்டில் வந்து உட்கார்ந்து பீடி குடிப்பார்.

அந்தப் பையில் ஒரு கேசட் மட்டும் வேறு மாதிரி. வெள்ளத்தில் பாதி முங்கிய ஒரு தபால் ஆபீஸ். அதன் மாடியில் கால் நொண்டுகிற ஓர் ஆளும் ஒரு பெண்ணும் ஒதுங்கியிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு மூட்டை பயறு கிடைக்கிறது, உட்கார்ந்து உரிக்கிறார்கள். தபால் சாக்குகளை வெயிலில் காயப்போட்டு விரித்துக்கொள்கிறார்கள். அவள் கத்திரியை எடுத்து அவனுக்கு முடி வெட்டுகிறாள். மழை பெய்கிறது. அவள் இருமுகிறாள், அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறான். மறுபடியும் பயறு. கடைசியில் கீழே யாரோ கதவைத் தட்டுகிறார்கள், இரண்டு பேரும் தலையைத் தூக்குகிறார்கள், முடிந்தது.

அவர்கள் அண்ணன் தங்கச்சியா புருஷன் பெண்டாட்டியா என்று சந்தில் பெரிய வழக்கு நடந்தது. "இத்தற மோசமா முடி வெட்டியும் அவன் வாயத் தொறக்கல்லன்னா, அவ கெட்டின பெண்டாட்டியேதான்" என்று மீன்காரி தீர்ப்புச் சொன்னாள். மற்றவர்களுக்கு அந்த அளவு பொறுமை இல்லை. கன்ட்ரோல் ரூமுக்குப் போன் மேல் போன். "சேட்டா, ஒரு மணிக்கூராயி பயறு பொளிக்குந்நு, வேறெ ஒந்நும் இல்லே?" பயறு உரிப்பதைத் தவிர வேறெதுவும் நடக்காதா என்று. இவர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

நான் கேட்டேன், "அதுல அப்படி என்ன அண்ணே இருக்கு?"

"உலகமே முடிஞ்சு போச்சுல்ல தங்கச்சி. இனி வாறதுக்கு என்ன பாக்கி இருக்கு? ஒண்ணும் வராது. நிம்மதியா பயறு உரிக்காங்க, பாரு."

"கடைசில கதவத் தட்டுறானே, அவன் யாரு?"

"காத்தா இருக்கும்" என்றார்.

மதினிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். ஒரே பிள்ளை. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி அவளைக் கோயம்புத்தூரில் டீச்சர் டிரெயினிங்கில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தார். கிறிஸ்துமஸ் லீவுக்கு அவள் வந்தபோது மதினி எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருந்தாள். லீவு முடிந்து பிள்ளை போன பிறகு அவளுக்கு மறுபடி முடியாமல் போனது.

எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்கு நாங்கள் மூன்று பேரும் போட் ஏறிப் போவோம். இங்கே ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரை பைஸ்டாண்டர் என்பார்கள். பைஸ்டாண்டர் உள்ளே வாங்க என்று நர்ஸ் கூப்பிட்டால், கட்டின புருஷன் அங்கே இருக்க, நான் எழுந்து போவேன். இவர் அந்த நேரத்தில் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருப்பார். கடைசித் தடவை டாக்டர், "இனி இங்கே கொண்டுவந்து அலைய வைக்க வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள், வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள்" என்றார். நான் வெளியே வந்தேன். "அண்ணே, டாக்டர் என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பித்ததுதான் தாமதம், "மதினிக்குச் சூடா ஒரு சாயா வாங்கிட்டு வந்திரட்டா?" என்று வாளியோடு கிளம்பிவிட்டார். பெஞ்சில் சாய்ந்திருந்த மதினி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. "சரி, விடு. எனக்கு வெளங்கிருச்சு" என்று அவள்தான் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவள், அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இதையும் சொல்ல வேண்டும். அவளை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி எந்தப் புருஷனும் பார்த்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. துணி அலசுவார், மலம் எடுப்பார், தலை வாரி விடுவார், கஞ்சியை ஆற வைத்து ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டுவார். பெண்டாட்டியின் பாவாடையைக் கொடியில் காயப்போடுகிறான் என்று சந்தில் ஆண்கள் கிண்டல் செய்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. இன்றைக்குச் செய்ய வேண்டியது எதையும் அவர் விட்டதில்லை. நாளைக்கு என்று ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

அந்த நாட்களில் லோக்கல் சேனலில் அந்தத் தபால் ஆபீஸ் கேசட் அடிக்கடி வர ஆரம்பித்தது. ஆறு மணிக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும், மதினி தனியாகக் கிடப்பாள். கட்டிலுக்கு நேராகச் சின்ன டிவி. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். படம் தெரிந்ததும் வீட்டுக்கு வீடு முனகல் கேட்கும். கேபிள் முதலாளி மாடியேறி வந்தே கத்தினார், "இது நின்றெ வீட்டிலெ டிவியாணோடா?" உன் வீட்டு டிவியாடா இது என்று. இவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் அதையே போட்டார். பெண்டாட்டிக்காக ஊரையே பயறு உரிக்க வைத்த மனுஷன் என்று இப்போதும் சிலர் உருகுகிறார்களே, அது இந்தக் கதைதான். மதினி என்ன சொன்னாள் என்று அவர்களுக்குத் தெரியாது.

"ஏட்டி, எனக்கு இது வேண்டாம். இதுக்கு அடுத்த கேசட்டைப் போடச் சொல்லு. யாரு தட்டுறான்னு பாக்கணும். அந்தப் பொம்பளை என்ன ஆனான்னு தெரியணும்."

நான் போய்ச் சொன்னேன். "அது கெட்டுப் போச்சு, பூசணம் பிடிச்சிருச்சு" என்றார். கேசட் என் கண்ணெதிரே அலமாரியில் பளபளவென்று இருந்தது.

மதினிக்கு வேண்டியது அது கூட இல்லை. மகளைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றுமே அவள் கேட்கவில்லை. "எம்புள்ளை பக்கத்துல ஒரு நாள் படுத்துக்கிடணும். அவகிட்ட நாலு வார்த்தை சொல்லணும். வாய் பேச வரும்போதே அவளைக் கூப்பிடச் சொல்லு." நானே கூப்பிடுகிறேன் என்றால் கையைப் பிடித்துத் தடுப்பாள். "வேண்டாம். அவுக வாயால சொல்லட்டும். பிள்ளைகிட்ட சொல்லும்போதாவது அவுக காதுலயும் அது விழும். இல்லாட்டி நான் போனப்புறம் அவுக என்ன செய்வாக, சொல்லு?" சாகப் போகிறவளுக்கு அந்தக் கவலை.

வீட்டில் போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் கன்ட்ரோல் ரூமுக்குக் கூப்பிடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாடிக்குப் போயிருந்தபோது அவர் பேசுவதைக் கேட்டேன்.

"அம்மாவா? இப்பந்தான் கப்பைக்கிழங்கு வேக வெச்சா. நல்ல மாவு மாதிரி வெந்துச்சு மோளே. காலைல மீன்காரிகிட்ட மத்திக்கு ஒரே சண்டை, இவ விடுவாளா? மழை வார மாதிரி இருந்துச்சு, ஓடிப் போய் துணியெல்லாம் எடுத்தா. ஆமா, தலைக்குக் குளிச்சா. இப்ப வாசல்ல இருந்து பயறு உரிச்சிட்டு இருக்கா."

மதினி கட்டிலை விட்டு இறங்கி மாசக்கணக்காகியிருந்தது. தானாகப் புரண்டு படுக்கவே முடியாது. இவர் ஒரு துளி தடுமாற்றம் இல்லாமல் சொல்லிக்கொண்டே போகிறார். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கே, வீட்டுக்குப் போனால் மதினி வாசலில் உட்கார்ந்திருப்பாளோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. போனை வைத்ததும், "நீரெல்லாம் ஒரு மனுசனாவே?" என்று கத்தினேன். அண்ணன் என்றுகூடப் பார்க்கவில்லை. அவர் கேசட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே, "பிள்ளைக்குப் பரீட்சை வருதுல்லா" என்றார்.

அதற்குமேல் மதினியின் பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். மறுநாளே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன்.

"மோளே, நான் அத்தை பேசுதேன். ஒடனே கிளம்பி வா. அம்மாவுக்கு ரொம்ப மோசமா இருக்கு."

"என்ன அத்தே சொல்றீங்க? அம்மா மத்தி வாங்கினான்னு அப்பா நேத்துகூடச் சொன்னாங்களே."

"அம்மா எந்திரிச்சு மாசக்கணக்காச்சு மோளே. அப்பா சொல்றதை நம்பாதே."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. "நான் அப்பாகிட்ட கேக்கேன்" என்றாள்.

கூப்பிடத்தான் செய்வாள் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் நான் கன்ட்ரோல் ரூமில் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன். இன்றைக்கு எழுந்து போக விடுவதில்லை என்றிருந்தேன். போன் அடித்தது. எடுத்தார். மகள் என்னவோ கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்க அண்ணே, சொல்லிருங்க என்று நான் கையைக் கூப்பினேன். அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது, உதடு துடித்தது. சொல்லிவிடுவார் என்றே நம்பினேன்.

"அத்தைக்கு எப்பவும் ஒரு பதட்டம். அம்மாவுக்குக் கொஞ்சம் க்ஷீணம் உண்டு, வெயிலுக்கு ஒரு தளர்ச்சி, அவ்வளவுதான். பரீட்சை முடிச்சிட்டு மெதுவா வா மோளே. அவசரம் ஒண்ணுமில்ல."

நான் போனைப் பிடுங்குவதற்குள் வைத்துவிட்டார். பிறகு நான் திரும்பத் திரும்ப ஹாஸ்டலுக்குப் போட்டேன். பிள்ளை பரீட்சை ஹாலில் இருக்கிறாள், சொல்லிவிடுகிறோம் என்றார்கள். அவளும் பாவம் என்ன செய்வாள்? பெற்ற அப்பாவின் பேச்சையா, பக்கத்து வீட்டு அத்தையின் பேச்சையா, எதை நம்புவாள்?

பரீட்சை முடிந்து பிள்ளை இன்று வருகிறாள் என்று சொன்னதும் மதினிக்கு முகமே மாறிவிட்டது. வெந்நீரில் உடம்பைத் துடைத்துவிடச் சொன்னாள். கட்டிலில் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டாள். அன்று போட் ஊதுகிற ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறந்தாள். பொழுது சாய்ந்தது. பிள்ளை வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வருகிற வழியில் பாலக்காட்டில் கூடப் படிக்கிற பெண்ணின் வீடு. ஒரு நாள் இருந்துவிட்டுப் போ என்றிருக்கிறார்கள். அவசரமில்லை என்று அப்பாதான் சொல்லிவிட்டாரே, இவளும் தங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் மதினிக்கு மூச்சு மாறியது. அவர் காபி ஆற்றிக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "ஐஸ் வாங்கிட்டு வாரேன், சூடா இருக்கு அவளுக்கு" என்றார். "அண்ணே, போகாதீங்க" என்று நான் அவர் சட்டையைப் பிடித்தேன். மெதுவாக என் விரல்களைப் பிரித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மதினி வாசல் பக்கம் பார்த்தாள். "வந்துட்டாளா?" என்றாள். "இன்னும் வரல மதினி" என்றேன். என்னால் வேறு சொல்ல முடியவில்லை. அந்த வீட்டில் யாராவது ஒருத்தர் உள்ளதைச் சொல்ல வேண்டாமா? "சரி" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளை மத்தியானத்துக்கு மேல் வந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையில் பாலக்காட்டு வீட்டில் கொடுத்துவிட்ட முறுக்குப் பொட்டலம். சந்து முனையிலேயே ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டாள். உள்ளே ஓடி வந்து கட்டிலருகே நின்றாள். அம்மாவின் உடம்பு இருந்த இருப்பைப் பார்த்தால் ஒரே நாளில் வந்த சாவு இல்லை என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். கை கால் எல்லாம் குச்சி. அவள் அலறவில்லை. அம்மாவின் கையைத் தூக்கிப் பார்த்தாள், மணிக்கட்டைச் சுற்றித் தன் விரலை வளைத்துப் பார்த்தாள், மெல்லக் கீழே வைத்தாள்.

பிறகு வெளியே வந்து ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தாள். மீன்காரியிடம் போய், "உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். "உங்களுக்கு?" பலசரக்குக் கடைக்காரர் தலையைக் குனிந்தார். "உங்களுக்கு?" கேபிள் முதலாளியும் தலையாட்டினார். அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் கேட்க முடியவில்லை. என்னிடம் வந்தபோது மட்டும், "அத்தே, நீங்க சொன்னீங்க" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் விலகிப் போனாள்.

அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஐஸ் உருகி வேட்டி முழுக்க நனைந்திருந்தது. அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது மோளே" என்றார்.

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எனக்கு அவரை அந்த இடத்திலேயே அடித்துக் கொன்றுவிடலாம் போலிருந்தது. ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்தேன், பிள்ளையும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பொய் சொல்லவில்லை. அவர் இன்னமும் காத்துக்கொண்டிருந்தார், உள்ளே போய் ஐஸைக் கொடுப்பதற்கு.

அவள் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நனைந்த அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா செத்துப் போயிட்டாப்பா" என்று அவருக்குச் சொன்னாள்.